தூதன் வராத புண்

வாசகரே, இந்த வழக்கில் நீங்கள் சாட்சி. வாதியின் இடத்திலும் பிரதிவாதியின் இடத்திலும் நானே நிற்கப்போகிறேன். தீர்ப்பும் முன்பே எழுதப்பட்டுவிட்டது. ஆகையால் நீங்கள் செய்யவேண்டியது ஒன்றுதான். நான் சொல்வதைக் கேட்டு மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாளை நானே மாற்றிப் பேசினால், "அன்றைக்கு இப்படியல்லவா எழுதினீர்" என்று என்னை நிறுத்துங்கள். இரண்டு நிமிட அவகாசம் கொடுத்தால் எந்தக் கட்சிக்கும் பேசிவிடக்கூடிய ஒருவனுக்கு இப்படி ஒரு சாட்சி மிகவும் அவசியம்.

சென்ற மாதம், நான் கடைசியாக வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு இளம் செவிலியர் என் வீட்டுக்கு வந்தார்கள். நீரிழிவுக்காரர்களின் பாதங்களைச் சோதிப்பதற்கென்றே அங்கே தனி அறை ஒன்று ஒதுக்கியிருக்கிறார்களாம். அவர்களுள் மூத்தவள் சொன்னாள்: "இந்தப் பக்கம் சர்க்கரைக்காரங்க யாரு வந்தாலும் மொதல்ல காலைக் கையில எடுத்துப் பாக்குற வழக்கத்த ஆரம்பிச்சது நீங்கதான்னு எல்லாரும் சொல்றாங்க சார். அறையில உங்க படத்த மாட்டணும். அது எப்படி ஆரம்பிச்சதுன்னு எழுதிக் குடுங்க."

நான் "ஆகட்டும்" என்றேன்.

மறுக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று பகல் முழுவதும் என் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு எது மாட்டுவதற்குத் தகுந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாலையில்தான் காசியின் நினைவு வந்தது. பொய், நினைவு காலையிலேயே வந்துவிட்டது. மாலையில்தான் அதற்கு இடம் கொடுத்தேன். காசி இறந்து பல வருஷங்கள் ஆகின்றன. அவனுக்குப் படம் கிடையாது. என்னை மாலையும் கழுத்துமாகப் பலர் எடுத்திருக்கிறார்கள். அவனை ஒருவரும் எடுத்ததில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் ஒரு சிறு திருப்தி உண்டு. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நாற்பதுகளின் தொடக்கம், வெளியே யுத்தம். நான் திருச்சுழிப் பக்கத்துக் கரிசல்காட்டுக் குடும்பத்துப் பிள்ளை. பள்ளியில் சொற்போர் என்றால் என் பெயர்தான். கத்தி சிறந்ததா, பேனா சிறந்ததா என்று காலையில் கத்திக்கும் மாலையில் பேனாவுக்கும் பேசி, இரண்டிலும் பரிசு வாங்கியவன். மூச்சை எங்கே நிறுத்துவது, கையை எந்தச் சொல்லில் உயர்த்துவது, கடைசி வரிசைக்குக் குரலை எப்படி எறிவது என்பதையெல்லாம் முறையாகப் பயின்றிருந்தேன். அருப்புக்கோட்டையில் அப்போது ஒரு தர்ம வைத்தியசாலை நடந்துவந்தது. பதிவேடு எழுதவும், ஊர் ஊராகச் சென்று சுகாதாரப் பிரசங்கம் செய்யவும் ஆள் தேவை என்றார்கள். சேர்ந்தேன். காயத்துக்குக் கட்டுப்போடும் வேலையையும் மூன்று மாதத்தில் கற்றுக்கொடுத்தார்கள். என் பயிற்சிக் காலம் அவ்வளவே.

நான் சேர்ந்த அதே வாரத்தில் கட்டுப்போடும் ஆளாகக் காசியும் சேர்ந்தான். என் வயதுதான். நெசவாளர் வீட்டுப் பிள்ளை. வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். நான்கு பேர் நடுவில் நின்று பேசச் சொன்னால் வியர்த்துப்போவான். அப்படிப்பட்டவன் எனக்குப் போட்டியாவான் என்று நான் கனவிலும் எண்ணவில்லை.

எங்கள் டாக்டரைப் பற்றிச் சொல்லவேண்டும். மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. மகிழ்ச்சியாக இருந்தால் எங்களை "டேய்" என்பார். சாதாரணமாக இருந்தால் "நீ" என்பார். கோபம் வந்தால் "நீங்கள்" என்பார். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். "தாங்கள்" என்று சொல்லப்பட்ட கம்பவுண்டர் ஒருவர் மறுநாளே வேலையை விட்டுப் போனதாகக் கேள்வி.

நீரிழிவுக்காரர்களுக்கு வெள்ளிக்கிழமை. முதலில் சிறுநீர்ச் சோதனை. நீல மருந்தில் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினால், சர்க்கரை இல்லாதவருக்கு நீலம் நீலமாகவே நிற்கும். இருந்தால் பச்சை, மிகுந்தால் மஞ்சள், எல்லை மீறினால் செங்கல் நிறம். அதன் பிறகு கால். இதற்கு டாக்டர் ஒரு முறை வகுத்திருந்தார். அதில் ஒரு படியும் முன்பின்னாக மாறக்கூடாது.

நோயாளி உயரமான பெஞ்சியில் உட்காரவேண்டும். பார்ப்பவன் ஒரு சாண் உயர முக்காலியில் உட்காரவேண்டும். மடியில் துவைத்த துண்டு. துண்டின்மேல் நோயாளியின் கால். ஒரு காலில்தான் குறை என்றாலும் இரண்டையும் பார்க்கவேண்டும். செருப்புப் போடுகிறவராக இருந்தால் முதலில் செருப்புக்குள் கையை விட்டு ஆணி, கல், முள் உண்டா என்று தடவவேண்டும். பிறகு உள்ளங்கால், குதிகால் வெடிப்பு, நகத்தின் ஓரம். நகத்தை நேராகத்தான் வெட்டியிருக்கிறார்களா, ஓரத்தைக் குடைந்திருக்கிறார்களா என்று பார்க்கவேண்டும். பிறகு ஒவ்வொரு விரலையும் விலக்கி இடுக்கில் ஈரமோ வெடிப்போ இருக்கிறதா என்று பார்த்து, ஈரம் இருந்தால் ஒற்றித் துடைக்கவேண்டும். புறங்கையை வைத்து இரண்டு பாதங்களின் சூட்டையும் ஒப்பிடவேண்டும். பின்னர் நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சுத் திரியால் அங்கங்கே தொட்டு, "இப்போது எங்கே தொட்டேன்?" என்று கேட்கவேண்டும். பலரும் பதில் சொல்லாமல் கண்ணை மூடியபடியே காத்துக்கொண்டிருப்பார்கள், தொடுவதற்காக. தொட்டு முடிந்திருக்கும்.

இத்தனையும் ஆன பிறகுதான், "வலி ஏதும் உண்டா?" என்று கேட்கலாம். "கேள்வி கடைசி" என்பார் டாக்டர். "இந்த வியாதியில் கால் பேசாது. பேசாத ஆளிடம் போய்ப் பேட்டி எடுக்காதே, பார்."

எனக்கு அந்த முக்காலி பிடிக்கவில்லை. என் இடம் எப்போதும் மேடை. எதிரே இருப்பவர்கள் அண்ணாந்து பார்க்கவேண்டும். காசிக்கோ அந்த முக்காலி அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. வெள்ளைத் துண்டை மடியில் விரித்து, அழுக்கோ, சீழோ, வெடிப்போ எதுவானாலும் அந்தக் காலை எடுத்து மடியில் வைத்துக்கொள்வான். பெரியவர்கள் கூசுவார்கள். "வேணாம்ப்பா, கால நீட்டுறது மரியாத இல்ல" என்பார்கள். அவன் தெலுங்கில் ஏதோ சொல்லுவான், அவர்கள் சிரிப்பார்கள், கால் தானாக மடிக்கு வந்துவிடும். அந்தச் சிரிப்பு என்னைப் பற்றியதுதான் என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

"பாதபூஜை ஆச்சா?" என்று கேட்பேன்.

"ஆச்சு பாண்டி. பிரசாதம் வேணுமா?" என்று சீழ் ஒற்றிய பஞ்சை இடுக்கியோடு நீட்டுவான்.

தினமும் காலையில் டாக்டர் உள்ளே வந்ததும் முதற்சொல்லாக, "காசி பார்த்தாச்சா?" என்பார். எந்தக் காலைப் பற்றிக் கேட்டாலும் அதே இரண்டு சொல். ஒருநாள் எண்ணினேன். மத்தியானத்துக்குள் காசியின் பெயர் பதினோரு முறை. என் பெயர் ஒரு முறை, அதுவும் மை தீர்ந்துவிட்டது என்பதற்காக. பதிவேட்டை நான் அச்சுக் கோத்ததுபோல் எழுதினேன். யாரும் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அழவில்லை. ஒருமுறை எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது நான் மட்டும் அந்த முக்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வந்தன. வாசலில் காலடிச் சத்தம் கேட்டதும் திருடனைப்போல் எழுந்துவிட்டேன்.

என் ஆறுதல் மேடை ஒன்றே. மாதம் ஒருமுறை பாவடியில் பிரசங்கம் நடக்கும். நெசவுத் தெருவில் பாவு நூலை நீளவாக்கில் விரித்துக் கஞ்சி தோய்க்கும் பொட்டல் அது. மாலையில் பாவைச் சுருட்டிய பிறகு கூட்டம் போட வசதியாக இருக்கும். ஒரு கட்டிலை மேடையாக்கி, பெட்ரோமாக்ஸ் விளக்கை மாட்டிவிடுவார்கள். அன்று டாக்டர் மதுரைக்குப் போயிருந்தார். நீரிழிவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். கருப்பட்டிக் காப்பியைக் கண்டித்தேன். கம்பும் வரகும் ஆனாலும் அளவோடு உண்ணச் சொன்னேன். மரத்துப்போன காலுக்குச் சுடுசெங்கல் ஒத்தடம் கொடுக்கும் வழக்கத்தைச் சாடினேன். அதுவரை பழுதில்லை. முடிவுரையில், எழுதி வைத்திராத ஒரு வரி தானாகவே நாவில் வந்து நின்றது.

"பெரியோர்களே, வலி என்பது உடல் என்னும் அரசனுக்கு எல்லையிலிருந்து வரும் தூதன். தூதன் வந்து கதவைத் தட்டினால் அஞ்சுங்கள். தட்டாதவரை அரசன் நிம்மதியாக உறங்கலாம்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பின்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றே தட்டினார். கட்டிலிலிருந்து இறங்கியபோது என் கால் தரையில் படவில்லை.

மறுநாள் காலை காசி கட்டுத்துணி சுருட்டிக்கொண்டே சொன்னான்: "ஏலே பாண்டி, நேத்து நல்லாப் பேசுன. ஒரே ஒரு எடந்தான் இடிக்கிது."

"எந்த இடம்?"

"அந்தத் தூதன். சக்கரக்காரவுக காலுக்கு ஏதுலே தூதன்? அவன் வழியிலேயே செத்துட்டானே. அதனாலதான டாக்டரு நம்மள எல்லைக்குப் போயிப் பாரு, பாருங்கிறாரு. அடுத்த தடவ அந்த வரிய எடுத்துரு."

வாசகரே, அவன் சொன்னது சரி என்பது அந்தக் கணமே எனக்குத் தெரிந்தது. எதிர்க்கட்சியின் வாதத்தில் வலுவான இடம் எது என்று கண்டுகொள்ளத்தானே எனக்குப் பயிற்சி. கண்டுகொண்ட பிறகு அதை எப்படி மறைப்பது என்பதற்கும் பயிற்சி உண்டு.

"கைதட்டல் உனக்கு விழவில்லை என்பதற்காக என் வரியில் குறை காணாதே" என்றேன்.

"எனக்கெதுக்குலே கைதட்டு" என்றான். "ரெண்டு கையிலயும் மருந்து வாட. தட்டுனா அவுக மூஞ்சில தெறிக்கும்."

அந்த வரியை நான் எடுக்கவில்லை. மல்லாங்கிணற்றில் சொன்னேன், திருச்சுழியில் சொன்னேன். சொல்லும்போதெல்லாம் காசியின் முகத்தை நினைத்துக்கொண்டே சொன்னேன்.

அடுத்து வருவது ராமய்யா. பாவடியில் எழுந்து நின்று கைதட்டியவர் அவர்தான். ஐம்பது வயதுக்காரர். கரை வைத்த சேலை நெய்வதில் தெருவில் அவருக்கு நிகர் இல்லை என்பார்கள். குழித்தறி. தரையில் தோண்டிய குழியின் விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே தொங்கவிட்டு, கீழே இருக்கும் மிதிகட்டைகளை மிதித்து நெய்வது. மிதிகட்டையில் கட்டிய கயிற்றின் முடிச்சைக் கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் கவ்விக்கொண்டால்தான் கரைக்கான மிதி நுணுக்கமாக விழும். விடிந்தது முதல் பொழுது சாயும்வரை கால்கள் இருட்டில் வேலை செய்யும்; கண் மேலே நூலைப் பார்த்துக்கொண்டிருக்கும். இவையெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. காசிக்குத் தெரியும்.

தங்கையின் கல்யாணத்துக்காகக் காசி பதினைந்து நாள் விடுப்பில் நரிக்குடிப் பக்கம் போனான். கால் பார்க்கும் வேலை எனக்கு வந்தது. முதற்காரியமாக முக்காலியைச் சுவரோரம் தள்ளினேன். பதிவேட்டோடு நாற்காலியில் அமர்ந்தேன். வருகிறவர்கள் எல்லாம் வாசலிலேயே நின்று, "காசி இல்லையா?" என்றார்கள். ஒருவர் அந்தக் கேள்வியோடு திரும்பியே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை ராமய்யா வந்தார். சிறுநீரின் நிறம் மஞ்சள். எழுதினேன்.

"வலி உண்டா?"

"இல்ல தம்பி."

"எரிச்சல்?"

"அதுவுமில்ல. மதமதன்னு இருக்கு. அது எப்பவும் உள்ளதுதான."

சொல்லிக்கொண்டே வழக்கம்போல் வலது காலைத் தூக்கிப் பெஞ்சியில் வைக்கப்போனார். "கால எடுத்துக் காட்டட்டுமா தம்பி? காசி பாப்பாரு."

காசி பாப்பாரு. அந்த இரண்டு சொல்தான். வரிசை நீளமாக இருந்தது என்று பின்னால் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வரிசை அவ்வளவு நீளம் இல்லை. அவன் செய்வதைச் செய்தால் நான் அவனுடைய நிழல் ஆகிவிடுவேன் என்று தோன்றியது. "வலி இல்லாத காலை எதற்குப் பார்க்கவேண்டும்? சுகமாகப் போய் வாருங்கள்" என்றேன். அவர் மகிழ்ந்தார். தம்பி நல்ல வார்த்தை சொன்னார் என்று போனார். பதிவேட்டில், என் மணியான கையெழுத்தில், "வலி இல்லை. நலம்" என்று எழுதினேன்.

அடுத்த வெள்ளியும் அதே கேள்வி, அதே பதில், அதே வரி. சற்றுத் தாங்கி நடந்தாரோ என்று ஒரு கணம் தோன்றியது. கேட்டதற்கு, "தறியில இருந்து எந்திரிச்சா அப்பிடித்தான்" என்றார்.

மூன்றாம் வெள்ளி காசி வந்துவிட்டான். சுவரோரம் கிடந்த முக்காலியை ஒரு கணம் பார்த்தான்; இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ராமய்யா வாசற்படியில் கால் வைத்தபோதே அவன் தலை நிமிர்ந்தது. மோப்பம். "மாமா, அங்ஙனயே நில்லுங்க, நடக்காதீக" என்று எழுந்து ஓடி, அவரைத் தோளோடு தாங்கிக் கொண்டுவந்து பெஞ்சியில் உட்காரவைத்தான். காலை மடியில் எடுத்தான். பெருவிரலையும் அடுத்த விரலையும் விலக்கினான். பிறகு அவன் என்னைப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இரண்டு விரல்களும் கறுத்திருந்தன. இடுக்கில் ஒரு குழி. பாதத்தின் மேற்பக்கம் வீங்கி மினுங்கியது.

டாக்டர் வந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். கொதிக்கவைத்து ஆறிய நீரால் காலைக் கழுவச் செய்தார். கொதிநீரில் இட்டெடுத்த இரும்புச் சலாகையைக் குழிக்குள் மெல்லச் செலுத்தினார். உள்ளே அது எதிலோ தட்டுப்பட்டுக் கரகரவென்று உராய்ந்தது. அது எலும்பு. ராமய்யா அந்த நேரம் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் கையைக் கழுவித் துடைத்துவிட்டுப் பதிவேட்டைக் கேட்டார். படித்தார். பக்கத்தைத் திருப்பி மீண்டும் படித்தார்.

"இந்த இரண்டு வாரமும் இவர் காலைத் தாங்கள் பார்த்தீர்களா?"

தாங்கள்.

"வலி உண்டா என்று கேட்டேன், ஐயா."

"நான் அதைக் கேட்கவில்லை."

அப்போது ராமய்யா எனக்காக வாதாட முன்வந்தார்.

"தம்பிய ஒண்ணுஞ் சொல்லாதீக. காலக் கவனிக்காதது நாந்தான். தம்பிதான் பாவடியில வெளக்கமாச் சொன்னாகளே, தூதன் வந்து தட்டுனாத்தான் பயம்னு. நானும் தெனமும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். வரவே இல்லையே அவன்."

பழித்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் என் வரியை ஒரு சொல்லும் பிசகாமல், பெருமையாகச் சொன்னார்.

டாக்டர் அவருக்கும் அவர் மனைவி நாகம்மாவுக்கும் நிலைமையைச் சொன்னார். இரண்டு விரல்களை எடுத்தே ஆகவேண்டும். கறுப்பு அதோடு நின்றால் பாதம் மிஞ்சும். நடுப்பாதத்தைத் தாண்டி ஏறினால் மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும். அங்கே முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவார்கள். நாகம்மா ஒன்றே ஒன்று கேட்டார்: "மிதிக்க முடியுமா?" டாக்டர், "கால் இருந்தால் மிதிக்கலாம். இருக்குமென்று வாக்குக் கொடுக்கமாட்டேன். பார்ப்போம்" என்றார்.

அன்றே விரல்கள் எடுக்கப்பட்டன. மரத்துப்போன அந்தக் காலுக்கு, வலி தெரியாமல் இருக்கப் போடும் ஊசி தேவையே இல்லை என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் டாக்டர் போட்டுவிட்டே வெட்டினார். பிறகு ராமய்யாவை வைத்தியசாலையின் பின்னறையில் கிடத்தி, கால் தரையைத் தொடாமல் தலையணையில் உயர்த்தி வைத்தோம். ஈரமணல் நிரப்பிய பானைக்குள் இன்சுலின் புட்டியைப் புதைத்து வைத்து, காலையும் மாலையும் ஊசி. புண்ணில் தூவச் சல்பா பொடி. நாளுக்கு மூன்றுமுறை காரநெடியுள்ள கரைசலில் நனைத்த துணியால் கட்டு. ஒவ்வொரு கட்டையும் அவிழ்க்கும்போது, கறுப்பு நிற்கும் இடத்தில் காசி மைக்கோடு போடுவான். அடுத்த முறை அது கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பார்ப்பான். நான்கு நாள் அது தாண்டிக்கொண்டே போயிற்று.

நான் டாக்டரிடம் போய், அந்தக் கட்டை நானே போடுகிறேன் என்று கேட்டேன். பரிகாரம் என்று அவரிடம் சொன்னேன். உங்களிடம் வேறொன்றும் சொல்லவேண்டும். நான் உண்டாக்கிய புண்ணிலும் காசிக்கே பெயர் போகிறதே என்று உள்ளே எரிந்தது. டாக்டர், "ராமய்யா சம்மதித்தால் போடுங்கள்" என்றார். இன்னும் "நீ"க்கு இறங்கவில்லை.

ராமய்யா தயங்கினார். "கட்டு காசியே போடட்டும் தம்பி. நீங்க பக்கத்துல உக்காந்து ஏதாச்சும் பேசிக்கிட்டு இருங்க. பொழுது போகும்."

காசி குனிந்தபடியே இருந்தான். அவன் தோள் குலுங்கியது. சிரிப்புத்தான்.

ஐந்தாம் நாள் டாக்டர் எங்கள் இருவரையும் அழைத்தார். "காலை எது அறுத்தது என்று தெரியாமல் கட்டுப்போடுவது வீண். தறியைப் போய்ப் பாருங்கள்." நெசவுத்தெருவுக்குப் போனோம். நாகம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, "இவுகதான அந்தப் பேச்சுக்காரத் தம்பி? வாங்க. இங்க மேட எதுவும் இல்ல, குழிதான் இருக்கு" என்றார்.

காசி குழியைக் காட்டினான். "நீ எறங்கு பாண்டி."

"ஏன், நீ இறங்கமாட்டாயா?"

"நான் பொறந்ததுல இருந்து எறங்கிக்கிட்டுத்தான் இருக்கேன். நீ எறங்கு."

ஜோட்டைக் கழற்றிவிட்டு இறங்கினேன். இடுப்பளவு ஆழம், மண் குளிர்ந்து கிடந்தது. குனிந்தால் என் காலே எனக்குத் தெரியவில்லை. கையால் தடவினேன். மிதிகட்டை, அதன்மேல் கயிறு, கயிற்றில் முடிச்சு. முடிச்சு என் விரலைக் கீறியது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், கற்றாழை நார்க் கயிறு. முடிச்சைச் சுற்றிலும் ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. அது என்னவென்று நான் கேட்கவில்லை.

"எப்பவும் பருத்திக் கயிறுதான்" என்றார் நாகம்மா. "யுத்தத்துல நூலு கிடைக்கல, பழைய கயிறும் இத்துப்போச்சு. இதக் கட்டுன அன்னைக்கே நான் மிதிச்சுப் பாத்துட்டு, மொரடா அறுக்குதுன்னு சொன்னேன். எனக்கு ஒண்ணுந் தெரியலையேன்னாரு."

குழிக்குள் நின்றபடியே கணக்கிட்டுப் பார்த்தேன். முதல் வெள்ளிக்கிழமை இது ஒரு கீறலாக இருந்திருக்கும். விரலை விலக்கிப் பார்த்திருந்தால் கால் மணி நேரத்து வேலை. கயிற்றை மாற்றச் சொல்லியிருக்கலாம். காசி மேலேயிருந்து கையை நீட்டினான். அதைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். அவன் அப்போதும் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவனை வெறுப்பது எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

ஆறாம் நாள் கறுப்பு மைக்கோட்டில் நின்றது. ஏழாம் நாளும் நின்றது. டாக்டர் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "டேய் காசி" என்றார். நான் அந்த "டேய்"க்காக என் பதக்கங்கள் அத்தனையையும் கொடுத்திருப்பேன்.

பாதம் மிஞ்சியது. புண் மூட மாதக்கணக்கில் ஆயிற்று. பிறகு காசி மிதிகட்டையில் அகலமான பலகை ஒன்றைப் பொருத்தி, பழந்துணி சுற்றி மெத்தையாக்கிக் கொடுத்தான். ஒரு சிறு கண்ணாடியும் வாங்கிக் கொடுத்து, காலையிலும் தறியை விட்டு எழும்போதும் உள்ளங்காலை அதில் பார்த்துக்கொள்ளும்படி பழக்கினான். ராமய்யா மீண்டும் நெய்தார், வெறும் சேலைதான். கரைக்கு வேண்டிய அந்த நுணுக்கமான மிதியைக் கவ்வ அவருக்கு விரல் இல்லை. தெருவில் அவருக்கு நிகர் இல்லை என்ற பேச்சு அதோடு போயிற்று. அதைத் திருப்பித் தர என்னிடம் ஒன்றும் இல்லை.

அவர் மீண்டும் தறியில் உட்கார்ந்த வாரத்தில் பாவடிப் பிரசங்கம் வந்தது. அதுவரை நான் மேடை ஏறியிருக்கவில்லை. ஒரு மன்னிப்புரையை எழுதினேன். சிறந்த உரை, நடுவில் கண்ணீருக்கு ஓர் இடமும் விட்டிருந்தேன். கட்டிலில் ஏறி நின்றேன். எதிரே ஊரே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது. சபையில் ஒருவரும் காலை நீட்டமாட்டார்கள்; அது மரியாதை இல்லை. நூற்றுக்கணக்கான முகங்கள், ஓர் உள்ளங்கால்கூட என் கண்ணுக்குத் தெரியவில்லை. எழுதி வைத்திருந்த முதல் வாக்கியம் வாயில் காய்ந்தது.

கீழே இறங்கினேன். வைத்தியசாலையிலிருந்து முக்காலியைக் கொண்டுவரச் சொன்னேன். ராமய்யாவைக் கையைப் பிடித்து அழைத்துவந்து கட்டிலின்மேல் உட்காரவைத்தேன். "என்ன தம்பி இது, அத்தன பேரு முன்னால" என்று கூசினார். நான் முக்காலியில் உட்கார்ந்தேன். முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. என் மேல்துண்டை மடியில் விரித்து, அவருடைய வலது காலை எடுத்து அதன்மேல் வைத்தேன். இரண்டு விரல் இல்லாத அந்தப் பாதத்தை எல்லாரும் பார்த்தார்கள். மிஞ்சிய மூன்று விரல்களையும் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தேன். பிறகு மற்றக் காலையும் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் பேசினேன். தாழ்ந்து உட்கார்ந்திருந்ததால் குரல் எழவில்லை.

"தூதன் என்று நான் சொன்னது தவறு. சர்க்கரை நோய் உள்ள காலுக்குத் தூதன் கிடையாது. இதை எனக்கு அப்போதே சொன்னவன் காசி. தெரிந்தும் நான் அந்த வரியை விடவில்லை."

பின்வரிசையிலிருந்து காசியின் குரல் வந்தது. "ஏலே, சத்தமாச் சொல்லு. பின்னால கேக்கல."

கூட்டம் சிரித்தது. அவன் பெயரை ஊரறிய நானே சொல்லும்படி ஆயிற்றே என்று அந்த நேரத்திலும் எனக்குள் ஒன்று கடித்தது. அதை மடியிலிருந்த அந்தக் காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். கடைசி வரிசைக்குக் குரலை எறியத் தெரிந்தவன் நான். எறிந்தேன்.

"தெரிந்தும் விடாதது காசியின்மேல் எனக்கிருந்த பொறாமையால்தான். அது போய்விடும் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன். இதற்கு வாக்குக் கொடுக்கிறேன்: சர்க்கரை நோய் உள்ள ஒருவர் என்னிடம் வந்தால், அவருடைய இரண்டு காலையும் என் மடியில் எடுத்து, விரல் விரலாக விலக்கிப் பார்க்காமல், 'வலிக்கிறதா' என்று அவரிடம் நான் கேட்கமாட்டேன்."